எழுதியதை யார் வாசிப்பார்கள்?

மெக்சிகோவில் ஒரு பெண், வயலின் குடும்பத்தின் பெரிய வில்வாத்தியமான செல்லோ கற்று, பட்டம் வாங்கி, இருபத்து மூன்று வயதில் இசைக்கல்லூரி வாசலில் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதுகில் செல்லோப் பெட்டி. தோள்பையில் அவளே எழுதிய ஐந்தாறு இசைத்துண்டுகள் அடங்கிய நோட்டு. வாசிக்கும் வேலையை எங்கே தேடலாம் என்று அவளுக்குச் சொல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நோட்டை என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. வில்லையும் விட மனமில்லை, எழுதுவதையும் விட மனமில்லை, மாதம் பிறந்தால் வாடகை கட்டியாக வேண்டும். அவள் எந்த வழியில் போகலாம்?

சில ஆண்டுகளாக மெக்சிகோவின் பெண் இசையமைப்பாளர்களைத் தேடித் தேடிக் கேட்டு வருகிறேன். அதனால் இந்தக் கேள்வி என்னை விடாமல் தொடர்கிறது. இசையமைப்பாளர் என்றதும் நமக்குத் திரைப்படம்தான் நினைவுக்கு வரும். இங்கே நான் பேசுவது தாளில் குறிப்பாக எழுதி, பிற கலைஞர்கள் பார்த்து வாசிக்கும் இசையைப் பற்றி. அந்த இசையைக் கேட்கக் கேட்க எனக்கு ஒன்று தெளிவாகியது. ஒருவர் எப்படிப் பிழைக்கிறார் என்பது அவர் எழுதும் இசையின் நீளம், கனம், வாத்தியங்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சம்பள வேலையில் இருப்பவர் மாலை நேரத்துக்குள் அடங்குவதை எழுதுகிறார். பல்கலைக்கழகத்தில் இருப்பவருக்கு நாற்பது நிமிடப் பாலே இசைக்கு நேரம் வாய்க்கிறது. ஊர் ஊராகப் போய்ப் பாடுபவர், தன் இரண்டு கைகளுக்கும் ஒரு குரலுக்கும் எட்டியதைச் செய்கிறார்.

மூன்று பெண்களை வைத்து இந்த மூன்று வழிகளையும் பார்க்கலாம். வடக்கே சோனோரா மாநிலத்தின் எர்மோசியோ நகரைச் சேர்ந்த நூபியா ஹைமே-டொன்ஹுவான் செல்லோ கலைஞர், இசையமைப்பாளர்; சோனோரா பில்ஹார்மோனிக் இசைக்குழுவில் வாசித்தவர். கப்ரியேலா ஓர்டிஸ் தலைநகரில் பிறந்தவர். இன்று உலகின் பெரிய இசைக்குழுக்கள் அவரிடம் புதிய இசை கேட்டு வாங்குகின்றன. அவர் செல்லோ வாசிப்பவர் அல்லர், ஆனால் செல்லோவுக்கு ஒரு பெரிய கான்செர்ட்டோ, அதாவது ஒரு வாத்தியம் முன்நின்று முழு இசைக்குழுவோடு வாசிக்கும் இசை, எழுதியிருக்கிறார். மூன்றாமவர் மாபே ஃப்ராட்டி. செல்லோ வாசித்துக்கொண்டே பாடுபவர். குவாத்தமாலாவில் பிறந்து 2015-இல் மெக்சிகோ நகரத்துக்கு வந்து அங்கேயே தங்கி இசை செய்கிறார். பிறப்பால் மெக்சிகர் அல்லர் என்றாலும், அவருடைய இசைவாழ்வு அந்த நகரத்தில்தான் உருவானது. அதனால் அவரை விட்டுவிட்டு இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாது.

மூவரில் யாருக்குப் பெயர் அதிகம் என்று பார்ப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. என் அளவுகோல் வேறு. தமிழில் புத்தகத்தையும் வாசிக்கிறோம், வாத்தியத்தையும் வாசிக்கிறோம். தாளில் எழுதப்பட்ட இசைக்கு இந்த இரண்டு வாசிப்பும் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டும். நாவல் எழுதியவர் அதை மேசை இழுப்பறையில் வைத்திருந்தாலும் அது நாவல்தான். நால்வர் வாசிக்கும் தந்திவாத்திய இசையை எழுதி இழுப்பறையில் வைத்தால் அது தாள்கட்டு மட்டுமே. ஆகவே ஒவ்வொரு வழியிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நீ எழுதியதை யார் வாசிப்பார்கள்? அடுத்தபடி: இரண்டாம் முறை யார் வாசிப்பார்கள்? அரங்கேற்றத்துக்கு ஆள் கிடைத்துவிடும். இரண்டாம் முறை வாசிக்க ஆள் கிடைக்காமல் செத்துப்போன இசை உலகில் மலைபோல் கிடக்கிறது.

செல்லோ உலகில் பாப்லோ கசால்ஸின் பெயரைத் தெரியாதவர் இல்லை. அவர் ஸ்பெயினை விட்டு வெளியேறி வாழ்ந்த காலத்தில், 1943 வாக்கில், 'எல் பெசெப்ரே' என்ற பெரிய பாடகர் குழு இசையை எழுதத் தொடங்கினார். அது முதன்முதலில் மேடையேறியது 1960 டிசம்பரில், மெக்சிகோவின் ஆகாபுல்கோ நகரில். உலகமே கொண்டாடிய கலைஞரின் இசைகூட அவ்வளவு காலம் தாளில் இருந்திருக்கிறது. இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் நோட்டுக்கு யார் காத்திருக்கப் போகிறார்கள்?

முதலில் இசைக்குழு வழி. மெக்சிகோவின் இசைக்கலைஞர்கள் நிரந்தர இடத்தைப் பிளாஸா என்பார்கள். பிளாஸா கிடைத்தால் கின்செனா உண்டு, அதாவது பதினைந்து நாளுக்கு ஒருமுறை சம்பளம். கிடைக்காதவர்கள் திருமணம், திருப்பலி, ஒலிப்பதிவு என்று கிடைத்த இடத்தில் வாசிப்பார்கள். அந்த உதிரி வேலைக்கு அங்கே ஹுவேசோ என்று பெயர். எலும்பு என்று பொருள். கலைஞர்களே தங்களுக்குள் சிரித்துக்கொண்டு சொல்லும் சொல். ஆனால் இசை படித்துவிட்டு எலும்பு பொறுக்கி வாழும் பல்லாயிரம் பேரின் களைப்பு அதற்குள் இருக்கிறது.

பிளாஸாவில் அமர்ந்தவருடைய நாள் பெரும்பாலும் காலை ஒத்திகையில் தொடங்கும். வாரம் ஒரு நிகழ்ச்சி. அடுத்த வாரம் வேறு இசை, வேறு நடத்துநர். பிற்பகல் வீடு திரும்பும்போது இடது கை விரல்நுனிகள் காய்த்திருக்கும், வலது தோள் கனத்திருக்கும். அதன்பிறகு உட்கார்ந்து சொந்த இசை எழுத வேண்டும். செல்லோ வரிசையில் அமர்பவர் பெரும்பாலும் பிறர் எழுதிய அடித்தளத்தைத்தான் நாள் முழுதும் வாசிக்கிறார். காது நிறைய பிறருடைய இசை. சொந்த ராகம் ஒன்று மனத்தில் எழுந்தால், அது நேற்று வாசித்த ஜெர்மன் இசைமேதை பிராம்ஸின் நிழலா, தன்னுடையதா என்று சந்தேகம் வரும். இந்த வழியின் உண்மையான விலை இதுதான். பணக்குறைவைவிட இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

ஆனாலும் இந்த வழி தருவதை வேறு எங்கும் வாங்க முடியாது. இசைக்குழுவின் நடுவே அமர்ந்தவருக்கு, தாளில் ஒரு மாதிரி தெரியும் குறிப்பு உண்மையில் எப்படி ஒலிக்கிறது என்பது உடம்பிலேயே பதிந்துவிடுகிறது. டபுள் பாஸ் இரண்டு மீட்டர் தூரத்தில் ஒலித்தால் நாற்காலி அதிர்வதும், வயோலாக்கள் எந்த இடத்தில் முணுமுணுப்பார்கள் என்பதும், கொம்புக் கலைஞருக்கு மூச்சு வாங்க எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதும், பக்கம் திருப்ப நேரம் இல்லாத இடத்தில் மெல்லிய சுரம் வைத்தால் என்ன ஆகும் என்பதும் பாடப்புத்தகத்தில் வராது. பிரேசிலின் இசையமைப்பாளர் வில்லா-லோபோஸ் இளமையில் ரியோ டி ஜெனிரோவின் திரையரங்குகளிலும் காபிக்கடைகளிலும் செல்லோ வாசித்துப் பிழைத்தவர். 1930-இல் 'பாகியானாஸ் பிரசிலெய்ராஸ்' வரிசையின் முதல் படைப்பை செல்லோக்கள் மட்டுமே கொண்ட குழுவுக்கு எழுதினார். எட்டு செல்லோவை ஒன்றாக உட்காரவைத்தால் ஒரு முழு இசைக்குழுவின் சாயல் கிடைக்கும் என்று அவருக்குக் கை சொல்லியிருக்க வேண்டும்.

நூபியா ஹைமே-டொன்ஹுவான் என்னை ஈர்த்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் 1984-இல் பிறந்த எர்மோசியோ, தலைநகரிலிருந்து 1,600 கிலோமீட்டருக்கு அப்பால் பாலைவனத்தில் இருக்கிறது. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அந்த மாநிலத்தில் யாக்கி, மாயோ என்னும் பழங்குடி மக்கள் ஆடும் மான் ஆட்டம் புகழ்பெற்றது. ஆடுபவர் தலையில் மான் தலை இருக்கும். கணுக்காலில் பட்டுப்பூச்சிக் கூடுகளுக்குள் சிறுகற்களை இட்டுக் கோத்த சரம் சலசலக்கும். ஒருவர் தண்ணீரில் மிதக்கும் கவிழ்த்த சுரைக்குடுக்கையைத் தட்டுவார், இன்னும் சிலர் பல்வெட்டிய குச்சியை உரசுவார்கள். அவருடைய படைப்பு ஒன்றின் பெயர் 'மாசோ யெஎமே'. யாக்கி மொழியில் மாசோ என்றால் மான். தலைப்பு மானாடுபவரைக் குறிக்கிறது.

இதை இன்னொரு புகழ்பெற்ற படைப்போடு ஒட்டிப் பார்க்க வேண்டும். மெக்சிகோவின் இசையமைப்பாளர் கார்லோஸ் சாவேஸ் 1935-36-இல் 'சின்ஃபோனியா இந்தியா' எழுதினார். மெக்சிகோவின் இசை என்றதும் இன்றும் முதலில் வாசிக்கப்படும் படைப்புகளில் அதுவும் ஒன்று. அதில் வரும் மெட்டுகளில் சில, சோனோராவின் யாக்கி, செரி என்னும் பழங்குடி மக்களுடையவை. சுரைக்குடுக்கையும் உரசுகுச்சியும் கூட அதில் உண்டு. ஆனால் சாவேஸ் அதை எழுதியது நியூயார்க்கில். 1936 தொடக்கத்தில் அங்கேயே வானொலியில் அது முதலில் ஒலிபரப்பானது. அருமையான இசை, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனாலும் சோனோராவின் ஒலி உலகத்துக்குப் போக, சோனோராவிலிருந்து ஒருவர் எழுதும் வரை இத்தனை பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டுமா? அங்கேயே வாழ்ந்து, அங்கேயே வாசித்து, அந்த மண்ணின் மான் ஆட்டத்தைச் சிறுவயதிலிருந்து அறிந்த ஒரு பெண் எழுதுவது இசை வரலாற்றில் ஒரு நேர்செய்தல். மாநில இசைக்குழு என்ற ஒன்று இருப்பதால்தான் அது சாத்தியமாகிறது. தலைநகருக்குக் குடிபெயர்ந்திருந்தால் அவரும் சோனோராவை நினைவிலிருந்து எழுத நேர்ந்திருக்கும்.

என் முதல் கேள்விக்கு இந்த வழி நல்ல பதில் தருகிறது. எழுதியதை வாசிக்கப் பக்கத்து நாற்காலியில் ஆள் இருக்கிறார். கிளாரினெட் கலைஞரிடம் போய், இந்த இடம் வருகிறதா என்று கேட்டுவிட்டு அன்றிரவே திருத்தலாம். இரண்டாம் முறை வாசிப்பது யார் என்ற கேள்விக்குத்தான் பதில் பலவீனமானது. மாகாண இசைக்குழுவின் அரங்கேற்றச் செய்தி தலைநகருக்கு எட்டுவது அரிது. இதற்கு ஒரு விதிவிலக்கும் அதே சோனோரா மண்ணிலிருந்து கிளம்பியதுதான். ஆலமோஸ் ஊரில் பிறந்த அர்த்துரோ மார்க்கெஸின் 'தான்சோன் எண் 2' 1994 மார்ச்சில் தலைநகரின் நெசவால்கோயோத்ல் அரங்கில் முதலில் வாசிக்கப்பட்டு, பிறகு உலகின் இசைக்குழுக்கள் எல்லாம் விரும்பி வாசிக்கும் இசையாயிற்று. ஆனால் கவனிக்க வேண்டும்: அது கிளம்பியது தலைநகர்ப் பல்கலைக்கழக இசைக்குழுவின் மேடையிலிருந்து.

அடுத்தது பல்கலைக்கழக வழி. கப்ரியேலா ஓர்டிஸ் 1964-இல் பிறந்தார். பெற்றோர் 'லோஸ் ஃபோல்க்லோரிஸ்தாஸ்' என்ற நாட்டுப்புற இசைக்குழுவைச் சேர்ந்தவர்கள். லத்தீன் அமெரிக்காவின் நாட்டார் வாத்தியங்கள் வீட்டுச் சாமான்கள்போல் கிடக்கும் சூழலில் வளர்ந்தவர். இசையமைப்பாளர் மாரியோ லாவிஸ்தா உள்ளிட்டவர்களிடம் பயின்று, லண்டனில் மேற்படிப்பும் முனைவர் பட்டமும் முடித்துத் திரும்பி, மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1990-களில் அமெரிக்காவின் குரோனோஸ் என்ற தந்திவாத்திய நால்வர் குழுவுக்கு 'ஆல்தார் தே முவெர்தோஸ்' எழுதினார். 2019-இல் 'யாங்கா'. அது வெராகுரூஸ் பகுதியில் அடிமைத்தளையை உடைத்த ஆப்பிரிக்கத் தலைவர் காஸ்பார் யாங்காவைப் பாடுவது. 2022-இல் எல் கொலெஹியோ நசியோனாலில் இடம் கிடைத்தது. நாற்பது பேருக்கு மேல் உறுப்பினர்கள் இல்லாத, நாட்டின் அறிவுலக உச்ச அவை அது. 2023-இல் 'ரெவலுசியோன் தியாமந்தினா' பாலே இசை லாஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மோனிக்கில் அரங்கேறியது. 2019-இல் மெக்சிகோ நகரில் பெண்கள் பாலியல் வன்முறையை எதிர்த்து, இளஞ்சிவப்பு மினுமினுப்புத் தூளைத் தூவிப் போராடிய நிகழ்விலிருந்து பிறந்தது அது. அந்த ஒலிப்பதிவு 2025-இல் மூன்று கிராமி விருதுகளைப் பெற்றது.

இந்தப் பட்டியலைப் படித்துப் பிரமிப்பது எளிது. ஆண்டுகளைக் கழித்துப் பாருங்கள். குரோனோஸ் குழு வாசித்த நாளிலிருந்து கிராமி வரை ஏறத்தாழ முப்பது ஆண்டு. குரோனோஸ் வாசிப்பதே பலருக்கு வாழ்நாள் கனவு. அதிலிருந்தே முப்பது ஆண்டு. இடையில் மாணவர்களுக்குப் பாடம், தேர்வு, கூட்டம். விடாப்பிடியான அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். அதே வழியை நம் செல்லோ பெண்ணுக்குச் சொல்லுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வழியில் போனால் வில் மெல்ல மெல்ல உறைக்குள் போய்விடும். பாடம் நடத்தி, எழுதி, எழுதியதன் ஒத்திகைக்குப் பறந்து, திரும்பி வருபவருக்கு அன்றாடம் மூன்று மணி நேரம் செல்லோவோடு உட்கார நேரம் எங்கே? வாத்தியம் மன்னிக்காது. ஒரு மாதம் விட்டால் விரல் சொல்லும், ஒரு வருடம் விட்டால் கேட்பவர் சொல்வார்.

'ட்சோனோத்' இந்த இடத்தில் எனக்கு மிகவும் முக்கியமான படைப்பு. 2024 அக்டோபரில் செல்லோ கலைஞர் அலிசா வைலர்ஸ்டைன் வாசிக்க, குஸ்தாவோ துதாமெல் நடத்த, லாஸ் ஏஞ்சலிஸில் அரங்கேறியது. யுகதான் தீபகற்பத்தில் சுண்ணாம்புப் பாறை இடிந்து, நிலத்தடி நீர் வெளியே தெரியும் கிணறுகள் உண்டு. அவற்றை ஸ்பானிய மொழியில் செனோத்தே என்பார்கள். அதன் மாயா மொழி மூலச்சொல்தான் ட்சோனோத். மேலிருந்து செங்குத்தாக விழும் ஒளி, ஜாகுவாரின் கண், பச்சைமணிக் கல், தோ என்னும் பறவையின் பறத்தல் என்று நான்கு பகுதிகள். செல்லோ வாசிக்காதவர் எழுதிய செல்லோ இசை என்பதை மனத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். வாத்தியத்தின் எல்லையைத் தாண்டி ஒரு நிலப்பரப்பையே அதனிடம் கேட்கிறார். செல்லோ கலைஞர் எழுதியிருந்தால் கைக்கு வசதியான இடங்களில் ஒதுங்கியிருக்கலாம். விரல் அறியாத துணிச்சல் வெளியிலிருந்துதான் வரும் போலிருக்கிறது. வில்லைப் பிடித்தவர்தான் செல்லோவுக்கு நன்றாக எழுதுவார் என்ற என் பழைய நம்பிக்கையை இந்த இசை அசைத்துவிட்டது.

இரண்டு கேள்விகளுக்கும் இந்த வழியின் பதில்தான் வலுவானது. யார் வாசிப்பார்கள்? உலகின் தேர்ந்த கலைஞர்கள். இரண்டாம் முறை? தாள் இருக்கிறது, பதிப்பு இருக்கிறது, எந்த ஊர்ச் செல்லோ கலைஞரும் நாளை எடுத்து வாசிக்கலாம். ஆனால் அந்த வலு தொடக்கத்தில் இல்லை, இருபதாம் ஆண்டில்தான் வருகிறது. தொடக்கத்தில் இந்த வழியில் நிற்பவரிடம் இருப்பது, மாணவர் இசை நாட்களில் பத்துப் பேர் கேட்கும் ஒரு நிகழ்ச்சி.

மாபே ஃப்ராட்டியின் வழி இவை எதற்கும் காத்திருக்கவில்லை. அவர் வளர்ந்தது பெந்தெகொஸ்தே சபையில் நம்பிக்கை கொண்ட குடும்பத்தில். வழிபாட்டிலும் வாசித்திருக்கிறார். ஜெர்மன் பண்பாட்டு அமைப்பான கோதே நிறுவனத்தின் தங்கல் திட்டத்தின் வழியே மெக்சிகோ நகரம் வந்தவர், அங்கிருந்த தன்னெழுச்சி இசைக்காரர்களோடு கலந்தார். 2019-இல் 'பியெஸ் சோப்ரே லா தியெர்ரா', 2021-இல் 'செரா கே அவோரா போத்ரேமோஸ் என்தெந்தெர்னோஸ்', 2022-இல் 'சே வே தெஸ்தே ஆக்கி', 2024-இல் 'சென்தீர் கே நோ சாபேஸ்' என்று தொகுப்புகள். ஹெக்டோர் டோஸ்டாவோடு டைட்டானிக் என்ற இருவர் குழு. வயலின், மின்னொலி, குரல் என்று வேறு மூன்று பெண்களோடு ஆமோர் முவேரே என்ற நால்வர் குழு.

இவருடைய இசையில் நான் நின்று நிதானித்துக் கேட்பது செல்லோ எத்தனை வேடம் போடுகிறது என்பதைத்தான். 'சென்தீர் கே நோ சாபேஸ்' தொகுப்பின் முதல் பாட்டு 'கிராவிட்ஸ்'. அதில் வில்லே வராமல், விரலால் மீட்டிய செல்லோ கனத்த பாஸ் கித்தார்போல் நடக்கிறது. அடுத்த பாட்டுகளில் அதே வாத்தியம் இழுபட்டு, கரகரத்து, ஒலியை மாற்றும் மின்பெடல்கள் வழியே புகையாய்ப் படர்கிறது. மேலே அவருடைய குரல் சிறு பிள்ளையின் தெளிவோடு நடக்கிறது. செல்லோவின் கீழ்த்தந்தி 65 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கிறது, மேல்தந்தி 220-இல் தொடங்குகிறது. ஆணின் அடிக்குரலிலிருந்து பெண்ணின் உச்சக்குரல் வரை இந்த ஒரு வாத்தியத்துக்குள் அடங்கிவிடும். ஒருத்தியே பாடிக்கொண்டு வாசித்தால் கூட்டம் பாடுவதுபோல் கேட்பதற்கு அதுதான் காரணம். வெராகுரூஸின் சோன் ஹரோச்சோ இசையில் லியோனா என்ற பருத்த குரலுடைய மீட்டுவாத்தியம் ஒன்று உண்டு. ஃப்ராட்டி செல்லோவை மீட்டும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. அவர் அதை நினைத்துச் செய்தாரா என்பது வேறு விஷயம். என் காது அப்படிக் கேட்கிறது.

யார் வாசிப்பார்கள் என்ற கேள்விக்கு இந்த வழியின் பதில் ஒரே சொல்: நானே. காத்திருப்பு இல்லை, சிபாரிசு இல்லை, நடுவர் குழு இல்லை. இன்று தோன்றியதை அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு சிறு அரங்கில் வாசித்துவிடலாம். இளம் கலைஞருக்கு இதைவிடப் பெரிய சுதந்திரம் வேறு எதுவும் இல்லை. பெண்ணுக்கு இன்னும் கூடுதலாக. இசைக்குழுக்களின் தேர்வுப் பட்டியலில் பெண்களின் படைப்புகள் எவ்வளவு காலம் இடமில்லாமல் கிடந்தன என்பதைப் பார்த்தவர்கள், அந்த வரிசையில் நிற்கவே மறுப்பதில் நியாயம் உண்டு.

இரண்டாவது கேள்வியில்தான் இந்த வழி தடுக்கி விழுகிறது. அவர் வாசிக்காத நாளில் அந்த இசை எங்கே இருக்கிறது? ஒலிப்பதிவில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் தெற்கே வாஹாகா மாநிலத்தில் ஒரு பதினாறு வயதுச் செல்லோ மாணவி அதை எடுத்துத் தன் கையால் வாசிக்கத் தாள் இல்லை. கை நோயுற்றால், குரல் தளர்ந்தால், பயணம் நின்றால் வருமானமும் நின்றுவிடும். பயணத்தின் கஷ்டத்தைச் செல்லோக்காரர்கள் மட்டுமே முழுதாக அறிவார்கள். விமானத்தில் வாத்தியத்துக்கும் தனி இருக்கை டிக்கெட் எடுக்க வேண்டும், அல்லது பெட்டியைச் சரக்கறையில் போட்டுவிட்டு இறங்கும்வரை பிரார்த்திக்க வேண்டும். ஒரு வயலின்காரரைவிட ஒவ்வொரு பயணத்திலும் ஒரு டிக்கெட் அதிகம். ஐம்பது நிகழ்ச்சி கொண்ட ஆண்டில் அது ஒரு சம்பளத்தையே தின்றுவிடும்.

அரசு உதவித்தொகை பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே இளம் கலைஞர்கள் பேசும் பேச்சில் பாதி பேகா எனப்படும் அந்த உதவித்தொகையைப் பற்றித்தான். 1989-இல் தொடங்கிய ஃபோன்கா நிதியம், 18 முதல் 34 வயதுவரை உள்ள இளம் படைப்பாளிகளுக்கு ஓராண்டு உதவி தந்தது. 1993 முதல் முதிர்ந்த கலைஞர்களுக்கு மூன்றாண்டு உதவித் திட்டமும் வந்தது. 2020-இல் நிதியத்தின் அறக்கட்டளை கலைக்கப்பட்டு, திட்டங்கள் பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் வேறு பெயரில் தொடர்கின்றன. மூன்று வழிகளில் எதில் போனாலும் விண்ணப்பிக்க வேண்டும், கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும். அதை நான்காவது வழியாக எண்ணி வாடகையை அதன் மேல் கட்டிவிடக் கூடாது. அரசு மாறினால் விதி மாறும். வெளிநாட்டுப் படிப்பும் அப்படித்தான். ஓர்டிஸுக்கு லண்டன் உதவியது. அவர் திரும்பி வந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திரும்பும் எண்ணம் இல்லாதவருக்கு அது வேறு நாட்டின் கதையாகிவிடும்.

நான் யாருக்கு என்ன சொல்வேன்?

தலைநகருக்கு வெளியே வளர்ந்து, வீட்டில் பணவசதி இல்லாமல், கை நன்றாகப் பழகியிருக்கும் பெண்ணுக்கு முதலில் மாகாண இசைக்குழுவில் இடம் தேடச் சொல்வேன். ஆறேழு ஆண்டு. அதற்குள் முழு இசைக்குழுவுக்கு எதையும் எழுத வேண்டாம். நான்கு பேருக்கு, ஐந்து பேருக்கு எழுதட்டும். ஒத்திகை முடிந்து அரங்கை விட்டுப் போகுமுன் இருபது நிமிடம் இருந்து வாசித்துக் காட்ட நண்பர்கள் சம்மதிக்கும் அளவுக்கு மட்டும். தன் வட்டாரத்தின் ஒலியைத் தானே எழுதட்டும். அது எர்மோசியோவின் மான் ஆட்டமாக இருக்கலாம், வாஹாகாவின் ஊர்ப் பித்தளைக் குழுவாக இருக்கலாம், யுகதானின் ஹரானா ஆட்டமாக இருக்கலாம். ஃப்ராட்டியிடமிருந்து ஒன்றை இரவல் வாங்கட்டும்: ஆண்டுக்கு ஒருமுறையாவது தான் மட்டுமே வாசிக்கும் இசையைப் பதிவு செய்து வெளியிட வேண்டும். எழுதுபவரின் கைக்கே அது உரம். ஐந்து படைப்புகளாவது வேறு ஊரில், தன்னைத் தெரியாத கலைஞர்களால் இரண்டாம் முறை வாசிக்கப்பட்ட பிறகுதான் பிளாஸாவை விட்டுவிட்டு முழு நேரமும் எழுதுவதைப் பற்றி யோசிக்கலாம். அப்போது ஓர்டிஸின் வழியில் நுழைந்தாலும் அவள் வெறுங்கையோடு நுழையமாட்டாள்.

இதற்கு நேர்மாறாகச் சொல்ல வேண்டிய ஒருத்தியும் உண்டு. மெக்சிகோ நகரில் வாடகை இல்லாத ஓர் அறை, குரலில் ஒரு தனிச்சாயல், இசைக்குழு வரிசையில் அமர்ந்தால் மூச்சு முட்டும் சுபாவம், இம்மூன்றும் ஒருத்தியிடம் சேர்ந்திருந்தால், பிளாஸாவுக்கான தேர்வு நாளை நடந்தாலும் போக வேண்டாம் என்பேன். பெடல் வாங்கட்டும், பாடட்டும். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தாளையும் எழுதி வைக்கட்டும். கிறுக்கலாக இருந்தாலும் போதும். எந்த விரலால் எந்தத் தந்தியை மீட்டினாள், எங்கே பெடலை மிதித்தாள் என்ற குறிப்பு போதும். வாஹாகாவின் அந்தப் பதினாறு வயதுக்காரி ஒருநாள் கேட்டு எழுதினால், உறையில் போட்டு அனுப்பக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.